பாத்திமா: நம் தோட்டத்து வீடுகளில் ஒரு பெயரின் பயணம்

இந்த மலரின் முன்பக்கங்களில் நம் சங்கத்தின் ஐம்பதாண்டு நிர்வாகிகளின் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், செயற்குழுவினர் எனப் பெரும்பாலும் ஆண்களின் பெயர்கள். காலம் அப்படி இருந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் மீலாது விழாவுக்கு விடிய விடிய நெய்ச்சோறு ஆக்கியவர்களும், நோன்புக் கஞ்சிக்கு அரிசி அளந்து கொடுத்தவர்களும், லயத்து வீட்டு வாசலில் பாய் விரித்துப் பிள்ளைகளுக்கு அலிஃப், பே சொல்லிக் கொடுத்தவர்களும் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்களில் எத்தனையோ பேருக்கு ஒரே பெயர். அந்தப் பெயரின் கதையைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்தப் பெயர் பாத்திமா.

லிங்கிப் பக்கத்துத் தோட்டமொன்றில் எங்கள் நன்னா மளிகைக்கடை வைத்திருந்தார். கடையின் பற்றுப் புத்தகத்தில் வெறுமனே ‘பாத்துமா’ என்று எழுதினால் யார் கணக்கு என்று தெரியாது. ஆகவே ‘மூணாம் லயத்துப் பாத்துமா’, ‘ஆயாக்கொட்டகைப் பாத்துமா’, ‘டிரைவர் வீட்டுப் பாத்தும்மாள்’, ‘பாத்திமா மேரி’ என்று எழுதி வைத்திருப்பார். கடைசியில் சொன்னவர் கிறிஸ்தவர். அந்தப் பெயர் அவருக்கு எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். எங்கள் நன்னியின் பெயரும் இதே பெயர்தான். ஊர் வழக்கில் பாத்திமுத்து.

பெயரின் பொருள்

அரபியில் ‘ஃபதம’ என்ற வேர்ச்சொல்லுக்குப் பாலை நிறுத்துதல், பால்குடி மறக்கச் செய்தல் என்று பொருள். அந்த வேரிலிருந்து வந்ததே ஃபாத்திமா. குழந்தையைப் பால்குடி மறக்கடித்தவள் என்பது நேர்ப்பொருள். நரக நெருப்பிலிருந்து விலக்கப்பட்டவர் என்று மார்க்கப் பெரியவர்கள் விளக்கம் சொல்வதும் உண்டு.

நேர்ப்பொருளை நம் தோட்டத்துத் தாய்மாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இருட்டோடு பெரட்டுக்குப் போகிறவள் கைக்குழந்தையை ஆயாக்கொட்டகைத் தொட்டிலில் போட்டுவிட்டுத்தான் மரம் வெட்டப் போகவேண்டும். பால் கட்டிக்கொண்ட மார்போடு மரத்துக்கு மரம் நடந்து, மங்குகளில் வேறு பாலைச் சேர்த்துக் கொண்டுவந்து ஸ்டோரில் நிறுத்துவாள். பிள்ளை தானாகப் பால்குடி மறக்கும்வரை காத்திருக்கும் வசதி அவளுக்கு இல்லை.

இஸ்லாத்துக்கு முன்பே இது மக்காவில் வழங்கிய பெயர். நபி (ஸல்) அவர்களின் தந்தை அப்துல்லாஹ்வைப் பெற்றவர் பாத்திமா பின்த் அம்ரு. அலி (ரலி) அவர்களைப் பெற்றவர் பாத்திமா பின்த் அசது. உமர் (ரலி) அவர்களின் சகோதரி பாத்திமா பின்த் கத்தாப். சினத்தோடு வந்த உமரின் மனம் தங்கையின் வீட்டில் ஓதப்பட்ட இறைவசனத்தைக் கேட்டு மாறியது என்ற வரலாற்றை மீலாது மேடைகளில் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

ஆக, நபி (ஸல்) அவர்களின் மகளுக்கும் அவர்களின் தந்தைவழிப் பாட்டியாருக்கும் ஒரே பெயர். தமிழர்களாகிய நமக்கு இது மிகவும் பழகிய விஷயம். பேத்தி என்ற சொல்லே பெயர்த்தி என்பதன் மருவல்தான்; பாட்டியின் பெயரைத் தாங்குகிறவள் என்பது அதன் கருத்து. தலைச்சன் பெண்ணுக்கு அத்தாவைப் பெற்றவளின் பெயர், அடுத்தவளுக்கு அம்மாவைப் பெற்றவளின் பெயர் என்று வைப்பது நம் வீடுகள் பலவற்றில் வழக்கம். ஒரு வீட்டில் ஒரு பாத்திமா இருந்துவிட்டால், இரண்டு தலைமுறை கழித்து அவளுடைய ஒவ்வொரு மகன் வீட்டிலும் மகள் வீட்டிலும் ஒரு பாத்திமா இருப்பாள். இந்தப் பெயர் இவ்வளவு பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அன்னை பாத்திமா (ரலி)

பெயருக்குப் பெருமை சேர்த்தவர் நபி (ஸல்) அவர்களின் இளைய மகளார் அன்னை பாத்திமா (ரலி) அவர்கள். கதீஜா நாயகியின் வயிற்றில் மக்காவில் பிறந்தார்கள். மதீனாவுக்கு வந்தபின், ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டில் அலி (ரலி) அவர்களுக்கு மணமுடித்து வைக்கப்பட்டார்கள். மஹருக்கு அலி (ரலி) அவர்களிடம் இருந்தது ஒரு கவசம். வீட்டில் வேலைக்கு ஆள் இல்லை. திரிகை சுற்றிச் சுற்றிக் கை காய்த்துப் போய், ஒரு பணியாளர் கிடைப்பாரா என்று தந்தையிடம் கேட்கப் போனார்கள். அன்று நபியவர்கள் கற்றுக் கொடுத்ததே, படுக்கப் போகும்போது 33, 33, 34 என்று நாம் ஓதும் தஸ்பீஹ். பாத்திமா தஸ்பீஹ் என்றே அதற்குப் பெயர்.

வெட்டுக்கத்தி பிடித்துக் காய்த்த கையோடு லயத்தில் படுக்கப் போன பெண்கள் அந்தத் தஸ்பீஹை விரல்விட்டு எண்ணியதைப் பார்த்தவர்கள் இந்த மலரின் வாசகர்களில் இன்னும் இருப்பீர்கள்.

நபி (ஸல்) அவர்களின் ஆண்மக்கள் எல்லோரும் சிறுவயதிலேயே இறந்துவிட்டார்கள். அவர்களின் சந்ததி தழைத்தது மகளின் வழியாகத்தான். ஹசன், ஹுசைன் (ரலி) இருவரும் பாத்திமா நாயகியின் பிள்ளைகள். தந்தையார் மறைந்து ஆறு மாதங்களில், ஹிஜ்ரி 11-இல், அன்னையாரும் மறைந்தார்கள்.

அவர்களின் பெயரை ஒரு பேரரசே சூடிக்கொண்டது. 909 முதல் 1171 வரை வட ஆப்பிரிக்காவிலும் எகிப்திலும் ஆண்ட பாத்திமீ வம்சத்தார் 969-இல் கெய்ரோ நகரை எழுப்பினார்கள். நம் பிள்ளைகள் படிக்கப் போகும் அல்-அஸ்ஹர் அவர்கள் கட்டியது. அன்னையாரின் ‘ஸஹ்ரா’ என்ற சிறப்புப் பெயரை ஒட்டியே அதற்கு அப்பெயர் வந்தது என்பது பலர் கருத்து. மொராக்கோவின் ஃபெஸ் நகரில் கரவிய்யீன் பள்ளிவாசலை 859-இல் நிறுவியவரும் பாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண்மணி என்றே மரபு கூறுகிறது.

தமிழில் எடுத்த வடிவங்கள்

அரபியின் ‘ஃபே’ எழுத்துக்குத் தமிழில் நேர் எழுத்து இல்லை. ஆகவே நம் முன்னோர் வாயில் பாத்திமா, பாத்துமா ஆனது. அதோடு தமிழ்ப் பெண்பெயர்களின் இறுதிகள் ஒட்டிக்கொண்டன. பாத்திமுத்து, பாத்தும்மாள், பாத்திமா பீவி, பாத்திமா நாச்சியார், செய்யது பாத்திமா, செய்யது அலி பாத்திமா என்று ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் ஒரு வடிவம். செய்யது அலி பாத்திமா என்றால் கடையநல்லூர்ப் பக்கமா என்று கேட்கும் பெரியவர்கள் இருந்தார்கள். கூப்பிடும்போது எல்லாமே சுருங்கிப் ‘பாத்து’ ஆகிவிடும். மலையாளத்தில் பாத்தும்மா. வைக்கம் முகம்மது பஷீரின் ‘பாத்துமாவின் ஆடு’ 1959-இல் வந்தது. இலங்கையில் பாத்திமா என்பதை முதலில் வைத்து, அடுத்து இன்னொரு பெயரைச் சேர்ப்பது முஸ்லிம் பெண்களிடையே பெருவழக்கு.

முத்து என்ற இறுதியைக் கவனியுங்கள். அது முத்தம்மாளிலும் முத்துலட்சுமியிலும் உள்ள அதே முத்து. லயத்தில் அடுத்தடுத்த கதவுகளில் முத்தம்மாளும் பாத்திமுத்துவும் வாழ்ந்தபோது, அந்தப் பெயர்களே ஒரே ஊர்ப் பிள்ளைகள்போல் ஒலித்தன.

நம் மக்கள் இந்தப் பெயரை விரும்பியதற்கு வேறு காரணங்களும் உண்டு. உமறுப் புலவரின் சீறாப்புராணம் அன்னையாரின் திருமணத்துக்கென்றே ஒரு படலம் ஒதுக்கியிருக்கிறது. கல்விமான்கள் அதைப் படித்துப் பொருள் சொல்ல, பெண்கள் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டார்கள். தமிழ் முஸ்லிம்கள் பெரிதும் நேசித்த இறைநேசர்கள் இருவர்: முகைதீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்களும் நாகூர் ஷாகுல் ஹமீது நாயகமும். இருவரையும் பெற்ற தாய்மாரின் பெயரும் பாத்திமாதான். நாகூரில் நேர்ந்துகொண்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய குடும்பங்கள் அந்தப் பெயரைக் கடலுக்கு இப்பாலும் கொண்டுவந்தன.

தாய்த்தமிழகத்துக்கு இன்னொரு பாத்திமாவும் கிடைத்தார். 1989-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானவர் எம். பாத்திமா பீவி. 1927-இல் கேரளத்தின் பத்தனம்திட்டையில் பிறந்த அவர், 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார்.

மலாய் மண்ணில்

நாம் வருவதற்கு முன்பே இந்தப் பெயர் இந்த மண்ணில் வேர்விட்டிருந்தது. மலாக்காவின் துன் பாத்திமாவைப் பள்ளிப் பாடத்தில் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். பெண்டஹாரா துன் முத்தாஹிரின் மகள் அவர். 1510-இல் சுல்தான் மஹ்மூத் அவரது தந்தையையும் உறவினரையும் கொல்லச் செய்து, அவரைத் தாம் மணந்தார். அதன்பின் அவர் சிரித்ததே இல்லை என்கிறது மலாய் மரபு. அவருடைய மகன் அலாவுதீன் ரியாயத் ஷா ஜொகூரின் முதல் சுல்தான் ஆனார்.

நம் வீடுகளில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி இதில் இருக்கிறது. ‘செஜாரா மெலாயு’ நூலின்படி, துன் முத்தாஹிரின் பாட்டனார் இந்தியக் கரையிலிருந்து மலாக்காவுக்கு வந்த மணி புரிந்தன். அவர் தமிழ் முஸ்லிம் மரபினர் என்பது வரலாற்றாசிரியர் பலர் கருத்து. அப்படியானால், மலாய் வரலாற்றின் புகழ்பெற்ற பாத்திமாவின் தந்தைவழி வேர் நம் கரையைத் தொடுகிறது.

சிங்கப்பூரில் 1840-களில் எழுந்த ஹாஜா பாத்திமா பள்ளிவாசல், மலாக்காவில் பிறந்து வணிகத்தில் சிறந்த ஒரு பெண்மணியின் கொடை. 1969-இல் மலேசியாவின் முதல் பெண் அமைச்சரானவர் துன் பாத்திமா ஹாஷிம். கம்பத்துப் பெண்கள் பிள்ளைப்பேற்றுக்குப் பின் குடிக்கும் மூலிகை ‘கச்சிப் பாத்திமா’. பிரசவ நேரத்தில் நீரில் ஊறப்போட்டு விரியவைக்கும் பாலைவனச் செடி ‘ரும்புட் பாத்திமா’. அரபிகள் அதே செடியை மர்யமின் கை என்பார்கள்.

மலாய்க்காரர் வாயிலும் ‘ஃப’ பழகாத காலத்தில் இந்தப் பெயர் ‘பத்திமா’ ஆகி, சுருங்கித் ‘தீமா’ ஆனது. தீமா என்றால் மலாய் மொழியில் ஈயம். இன்றைய சிரம்பான் வட்டாரமான பழைய சுங்கை ஊஜோங் வளர்ந்ததே ஈயத்தால்தான். 2021-இல் ஒரு மதுபானத்துக்குத் தீமா என்று பெயர் வைத்தபோது, அது ஈயத்தைக் குறிக்கிறது என்று நிறுவனம் சொல்ல, அது பாத்திமாவின் சுருக்கம் அல்லவா என்று நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. அந்தப் பெயரை மக்கள் எவ்வளவு தங்களுடையதாக எண்ணுகிறார்கள் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

நெகிரி செம்பிலானுக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். இங்குள்ள மலாய்க்காரரின் ‘அடாட் பெர்பாத்தே’ வழக்கப்படி, பிள்ளை தாயின் சுக்குவைச் சேர்ந்தது. மரபு நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ரெம்பாவிலோ கோலப்பிலாவிலோ பெண் எடுத்த நம்மவர்களின் பிள்ளைகள் தாயின் சுக்குவில் சேர்ந்தார்கள். பெண்வழியில் குடும்பத்தின் பெயர் நிற்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

கிறிஸ்தவர் வீட்டிலும்

பாத்திமா மேரியின் கதைக்கு வருகிறேன். போர்த்துகலில் பாத்திமா என்றே ஓர் ஊர் உண்டு. அங்கே முஸ்லிம்கள் ஆண்ட காலத்தின் நினைவாக நின்ற பெயர் அது. 1917-இல் அவ்வூரில் மூன்று ஆட்டிடைச் சிறுவர்களுக்கு மரியன்னை காட்சி கொடுத்தார் என்பது கத்தோலிக்கர் நம்பிக்கை. அன்றிலிருந்து பாத்திமா அன்னை என்ற பெயரில் உலகெங்கும் தேவாலயங்கள் எழுந்தன. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலும் ஒன்று உண்டு. தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் பாத்திமா மேரி என்ற பெயர் அப்படி வந்தது. நன்னா கடையில் இரு பாத்திமாக்கள் ஒரே நேரத்தில் நின்றால், “ரெண்டு பேரும் ஒரே பேரு, ஒரே கடன்” என்று சொல்லிச் சிரிப்பார்களாம்.

மூன்று தாள்களில் மூன்று பெயர்

நம் ஆண்கள் முதலில் தனியாகத்தான் வந்தார்கள். கடை, கங்காணி வேலை, துரை பங்களாச் சமையல், லாரி என்று ஒரு பகுதியினர். மரம் வெட்டியவர்களும் உண்டு. மனைவி ஊரில் இருப்பாள். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை போய்வருவார்கள். 1953-இல் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் கெடுபிடியானபின், பலர் மனைவி மக்களை இங்கே அழைத்துக்கொண்டார்கள். எங்கள் நன்னி அப்படி ‘ரஜூலா’ கப்பலில் வந்தவர்.

நன்னியின் பாஸ்போர்ட்டில் பெயர் ‘பாத்துமுத்து’. ஆங்கிலப் ‘பி’ எழுத்தில் தொடங்கும். இங்கே எடுத்த அடையாள அட்டையில் ‘பாத்திமா’. அது ‘எஃப்’ எழுத்து. ஒன்றில் தகப்பனார் பெயருக்கு முன் ‘டி/ஓ’, மற்றதில் ‘பிந்தி’. இறப்புச் சான்றிதழில் மூன்றாவதாக ஒரு ‘பாத்துமா’. எழுதியவர் காதில் விழுந்ததை எழுதினார். நன்னியோ எழுதத் தெரியாதவர் என்று பதிவானவர். எல்லாத் தாளிலும் கைநாட்டு.

நன்னி மௌத்தானபின் அவர் பெயரில் இருந்த சிறு சேமிப்பை எடுக்க அத்தா போனார். இந்த மூவரும் ஒருவரே என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். சத்தியப் பிரமாணம், சாட்சி, மறுபடி அலைச்சல் என்று எட்டு மாதம் போயிற்று. தொகை பெரிதில்லை. தன்னைப் பெற்றவள் ஒருத்திதான் என்பதை எழுதிக் கையெழுத்திட வேண்டியிருந்ததே என்றுதான் அத்தா கடைசிவரை வருந்தினார்.

பிறகு ஒருநாள் வீடு மாற்றும்போது நன்னியின் பழைய அரபுத்தமிழ்க் கிதாபு கிடைத்தது. அரபி எழுத்தில் தமிழை எழுதும் அந்த முறையைக் கற்ற பெண்கள் நம் ஊர்களில் ஏராளம். அதன் முதல் பக்கத்தில், ‘ஃபே’ எழுத்தில் தொடங்கி, ஒரு பிழையும் இல்லாமல் நன்னி தன் பெயரைத் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார். பக்கத்தில் தன்னைப் பெற்றவளின் பெயரும் இருந்தது. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் அதுவரை யாருக்கும் தெரியாது. கைநாட்டு என்று ஒதுக்கப்பட்டவருக்கு எழுதத் தெரிந்திருந்தது. அவர் அறிந்த எழுத்தில் எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இன்று

இன்றும் நம் வீடுகளில் பாத்திமா பிறக்கிறாள். சித்தி பாத்திமா, நூர் பாத்திமா, பாத்திமா ஸஹ்ரா என்று மலாய்ப் பிள்ளைகளின் பெயரோடு வேறுபாடு தெரியாத வடிவில் இருக்கிறாள். பள்ளியில் சிக்கல் இல்லாமல் இருக்கட்டும் என்று பெற்றோர் நினைப்பது நியாயமே. ‘ஃபே’ ஒலியும் இப்போது சரியாக வருகிறது. ஆனால் பாத்திமுத்து, பாத்தும்மாள் என்று பிறப்புச் சான்றிதழில் எழுதிய கடைசி நபர் யார் என்று தேடினால் என் தலைமுறையிலேயே நின்றுவிடுகிறது. எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று சொன்ன அந்த இறுதிகள்தான் உதிர்ந்து போயின.

தோட்டங்களும் உதிர்ந்து வருகின்றன. நீலாய், லாபு பக்கம் பால்மரம் நின்ற இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்துவிட்டன. லயம் இடிந்தால் கபுருஸ்தானுக்குப் போகும் பாதையும் மறைகிறது. மீஸான் கல்லில் பெயர் எழுதாமல் விட்ட கபுருகள் நிறைய. இருப்பது வாய்வழி நினைவு மட்டுமே.

ஆகவே இந்த மலரை வாசிக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் பக்கத்தின் ஓரத்தில் உங்கள் நன்னியின் பெயரை, வாப்பும்மாவின் பெயரை, உம்மும்மாவின் பெயரை எழுதி வையுங்கள். அடையாள அட்டையில் உள்ளபடி ஒருமுறை. லயத்தில் அவரைக் கூப்பிட்டபடி ஒருமுறை. எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்றே கேளுங்கள். அடுத்த மலரில் நிர்வாகிகள் பட்டியலுக்குப் பக்கத்தில் இந்தப் பெயர்ப் பட்டியலும் இடம்பெற நம் சங்கம் வழிசெய்யும் என்று நம்புகிறேன், இன்ஷா அல்லாஹ்.

என் பேத்திக்கு இவ்வாண்டு பெயர் வைத்தோம். சான்றிதழில் நூர் பாத்திமா. வீட்டில் நாங்கள் கூப்பிடுவது பாத்திமுத்து. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள்.